வெள்ளைக் குட்டியா, காது கிழிந்த ஜோடியா?

கேள்வி: டாக்டர், நாங்கள் லண்டன் ஹாரோவில் மேல்மாடி ஃப்ளாட்டில் குடியிருக்கிறோம். என் 14 வயது மகள் ஒரு வருடமாகச் சின்சில்லா என்கிற, அடர்ந்த ரோமம் கொண்ட சின்னக் கொறிக்கும் பிராணியை வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தோம். ஆறு மாத வெள்ளைக் குட்டி, கூண்டோடு சேர்த்து 120 பவுண்டு, வீட்டில் அலர்ஜி என்பதால் கொடுக்கிறார்களாம். படத்தில் பஞ்சு உருண்டை மாதிரி அவ்வளவு அழகு. பக்கத்து ஊரில், வீடிழந்த பிராணிகளை வைத்துப் பராமரிக்கும் ரெஸ்க்யூ சென்டரில் நான்கு வயதுப் பெண் சின்சில்லாக்கள் இரண்டு ஜோடியாக இருக்கின்றன. ஒன்றுக்குக் காது நுனி கிழிந்திருக்கிறது. மகளுக்கு வெள்ளைக் குட்டிதான் வேண்டுமாம். நோய் நொடி இல்லாத பிராணி என்று நாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? எதை எடுக்கலாம்? மூன்று வருடத்தில் கோயம்புத்தூருக்குத் திரும்பும் எண்ணமும் இருக்கிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஜோடியைப் போய்ப் பாருங்கள். காது கிழிந்தது ஒரு குறையே இல்லை. எப்போதோ நடந்த சண்டையின் தழும்பாக இருக்கலாம். அந்தச் சண்டை இவை இரண்டுக்குள்ளும் நடந்ததா, இப்போதும் நடக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். ஒன்றையொன்று அணைத்தபடி தூங்குகின்றன என்றால் கவலை வேண்டாம். வெள்ளைக் குட்டியின் மேல் எனக்குள்ள சந்தேகத்துக்கு அதன் நிறம் காரணமில்லை, அதன் வயதுதான் காரணம். ஆறு மாதத்தில் ஒரு சின்சில்லாவைப் பார்த்து, அது நாளைக்கு நோயாளி ஆகுமா ஆகாதா என்று என்னாலேயே சொல்ல முடியாது. நான்கு வயதில் ஓரளவுக்குச் சொல்ல முடியும்.

ஏனென்றால் சின்சில்லாவைப் படுத்தும் பெரிய நோய் பல்லில் வருவது. அதற்கு மொத்தம் 20 பற்கள். முன்பற்கள் மட்டுமின்றிக் கடைவாய்ப் பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். சிலி நாட்டு ஆண்டீஸ் மலைச் சரிவில், வறண்ட பாறைகளுக்கு நடுவே, முரட்டுப் புல்லையும் புதரையும் மென்று வாழப் பிறந்த பிராணி அது. அந்த முரட்டுத் தீனி பல்லைத் தேய்க்கும், பல் வளரும், இரண்டும் சமமாகிவிடும். வீட்டுக் கூண்டில் மெத்தென்ற உருண்டைத் தீவனத்தையே கொடுத்தால் பல் தேயாது. மேல் நோக்கி வளர இடமில்லாதபோது வேர் பின்னோக்கி நீண்டு தாடை எலும்பைக் குத்தும், கண்ணீர்க் குழாயை அழுத்தும். பரம்பரையாகவும் இந்தக் குறை வருகிறது. பிரிட்டனில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், வெளிப் பார்வைக்கு நலமாகத் தெரிந்த சின்சில்லாக்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குப் பல் கோளாறு இருந்தது. பெரும்பாலும் இது தலைகாட்டச் சில வருடங்கள் ஆகும். குட்டிப் பருவத்தைத் தாண்டி நான்கு வயதிலும் நன்றாகப் புல் மென்று தின்னும் பிராணி ஒரு பெரிய சோதனையில் தேறி வந்ததாக அர்த்தம். அதனால்தான் வயது வந்த பிராணியைத் தத்தெடுக்கச் சொல்கிறேன். இரக்கமும் அதில் உண்டு, ஆனால் உங்கள் நலனுக்கும் அதுவே நல்லது.

இனி எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். நீங்கள் கேட்டதன் சாரமே இதுதான்.

சின்சில்லாவின் ரோமத்தை நம்பாதீர்கள். நம் தலையில் ஒரு துளைக்கு ஒன்றிரண்டு முடி. அதற்கு ஒரு துளையிலிருந்து ஐம்பது, அறுபது முடி முளைக்கும். உள்ளே எலும்பும் தோலுமாக இளைத்துப்போன பிராணிகூட வெளியே கொழுகொழுவென்றுதான் தெரியும். படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். முதுகெலும்பின் மேல் இரண்டு விரலை வைத்து மெல்ல வருடிப் பாருங்கள். எலும்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் முனை முனையாகக் குத்தக் கூடாது. பிறகு எடை. வளர்ந்த சின்சில்லா சாதாரணமாக 400 முதல் 600 கிராம் இருக்கும், பெண் சற்றுப் பெரிதாகவே இருக்கும். இன்றைய எடையைவிட முக்கியம், கடந்த சில மாதங்களின் எடை. நல்ல ரெஸ்க்யூவில் வாரா வாரம் எடை எழுதிய தாள் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐந்து மாதமாக 540, 545, 538 என்று நின்றால் நிம்மதி. 540இலிருந்து படிப்படியாக 470க்கு இறங்கியிருந்தால், கண் எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் பல்லை எக்ஸ்ரே எடுக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாயங்காலம் போங்கள். பகலில் தூங்குகிற பிராணி அது. மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு மந்தமாக இருக்கிறது என்று சொல்வது நியாயமில்லை. கூண்டில் ஒரு பிடி காய்ந்த புல்லைப் போடச் சொல்லுங்கள், கடையில் திமோதி ஹே என்று விற்பார்களே, அதுதான். போட்டுவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். நல்ல பல் உள்ள சின்சில்லா ஒரு புல்லை முன்னங்கையில் பிடித்து, நுனியிலிருந்து விடாமல் கடித்து உள்ளே இழுத்துக்கொண்டே போகும். பல் வலிக்கிற பிராணிக்கும் பசி இருக்கும். அது ஆசையோடு ஓடி வரும், புல்லை எடுக்கும், இரண்டு கடி கடிக்கும், கீழே போட்டுவிடும். வேறொன்றை எடுக்கும், அதையும் போடும். கடைசியில் புல்லை விட்டுவிட்டு உருண்டைத் தீவனத்துக்குப் போய்விடும். இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு கண்ணுக்குத் தப்பாது.

அடுத்தது முகம். கண்ணைச் சுற்றி ஈரமோ, காய்ந்த பொருக்கோ இருக்கக் கூடாது. மோவாய்க்குக் கீழே ரோமம் ஒட்டி ஒட்டி நனைந்திருந்தால் எச்சில் வடிகிறது. முன்னங்கால்களின் உட்பக்க முடி சிக்குப் பிடித்திருந்தால், அந்த எச்சிலைத் துடைத்துத் துடைத்து வந்தது. கீழ்த்தாடையின் விளிம்பில் விரலை ஓட்டினால் வழுவழுப்பாகப் போக வேண்டும். அங்கங்கே முண்டு முண்டாகத் தட்டுப்பட்டால் வேர் கீழே இறங்கிவிட்டது. முன்பற்கள் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். கறை என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் ஆரோக்கியமான நிறம்.

பிறகு கூண்டின் அடித்தட்டைப் பாருங்கள். சுத்தமாகத் துடைத்து வைத்த கூண்டைவிட, ஒரு ராத்திரியின் புழுக்கை கிடக்கிற கூண்டுதான் உண்மை பேசும். புழுக்கை நெல்மணியைவிடச் சற்றுப் பருமனாக, உலர்ந்து, ஒரே அளவாக, ஏராளமாக இருக்க வேண்டும். பொடிப் பொடியாகச் சிறுத்தோ, எண்ணிக்கையில் குறைந்தோ இருந்தால் அது சரியாகத் தின்னவில்லை. இளகியிருந்தால் தீனியில் தப்பு, அல்லது குடலில் ஜியார்டியா போன்ற கிருமி இருக்கக்கூடும். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் இதே கணக்குத்தான். அரை நாளுக்கு மேல் புழுக்கையே விழவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். சின்சில்லாவுக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. குடல் நின்றுபோனால் நிலைமை மணிக்கணக்கில் மோசமாகும்.

தோலில் மூன்று விதமான வெற்றிடம் பார்க்கலாம், மூன்றும் ஒன்றல்ல. யாராவது அவசரமாகப் பிடித்திருந்தால் கை பட்ட இடத்தில் ரோமம் கொத்தாகக் கழன்று வழுவழுப்பாக இருக்கும். எதிரியிடமிருந்து தப்பிக்க இயற்கை கொடுத்த வழி அது, மறுபடி வளர்ந்துவிடும். விலாப்பக்கம் மட்டும் ரோமம் குட்டையாகக் கத்தரித்த மாதிரி இருந்தால் அது தன் முடியைத் தானே கடிக்கிறது. சலிப்பு, பயம், வலி என்று காரணம் ஏதோ இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூக்கு, கண், பாதம் பக்கம் செதில் செதிலாக உரிந்து வட்டமாக இருந்தால் படர்தாமரை. உங்கள் மகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். குணமாக்கக் கூடியதுதான், ஆனால் குணமான பிறகு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

விளம்பரத்துக்கு வருகிறேன். அந்தக் குடும்பம் உண்மையையே சொல்லியிருக்கலாம். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இவற்றைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்: அதன் தாய் தந்தைக்குப் பல் எப்படி? எங்கே பிறந்தது? எந்த டாக்டர் பார்த்தார், அந்தச் சீட்டு இருக்கிறதா? இதுவரை தனியாக இருந்ததா, வேறு சின்சில்லாவோடு இருந்ததா? வெள்ளை நிறத்தால் நோய் வராது. ஆனால் வெள்ளையோடு வெள்ளையை இணைத்தால் அந்த மரபணு இரண்டு பக்கமிருந்தும் சேரும் கருக்கள் பிழைப்பதில்லை, அதனால் விவரம் தெரிந்தவர்கள் அப்படி இணைக்க மாட்டார்கள். தாய் தந்தை என்ன நிறம் என்றும் கேளுங்கள். அதற்கு அவர்கள் விழித்தால், எந்தத் திட்டமும் இல்லாமல் குட்டி போட வைத்த வீடு என்று புரிந்துகொள்ளலாம். ஆணா பெண்ணா என்பதிலும் கவனம் வேண்டும். பெண்ணுக்குச் சிறுநீர் வழி கூம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் ஆண் என்று பலரும் தப்பாக நினைத்துவிடுகிறார்கள். ஆண்களோடு சேர்ந்திருந்த பெண் என்றால் சினையாகவும் இருக்கலாம். சினைக்காலம் 111 நாள். வாங்கி மூன்று மாதம் கழித்துக்கூட குட்டிகள் கிடக்கும். தொழிலாகவே விற்கிறவர் என்றால் கவுன்சில் கொடுத்த உரிமம் அவரிடம் இருக்க வேண்டும், எண்ணைக் கேளுங்கள்.

எந்த இடமானாலும் பிராணி இருக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ரெஸ்க்யூவில் அவர்களும் உங்களைக் கேள்வி கேட்பார்கள். வீட்டைப் பார்க்க வரலாம், படம் கேட்கலாம், யார் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பீர்கள் என்று விசாரிக்கலாம். மனம் நோக வேண்டாம். அப்படிக் கேட்கிற இடம்தான் நல்ல இடம். ஆர்எஸ்பிசிஏ என்ற பிராணி நல அமைப்பின் கிளைகளிலும் சின்சில்லாக்கள் வருவதுண்டு, அங்கேயும் விசாரித்து வையுங்கள். அங்கே வருகிறவற்றில் பல நோயால் வந்தவை அல்ல. வளர்த்த பிள்ளை யுனிவர்சிட்டிக்குப் போயிருப்பாள், அல்லது குடும்பம் வீடு மாறியிருக்கும். சின்சில்லா பத்து வருடத்துக்கு மேல் சர்வசாதாரணமாக இருக்கும், இருபதைத் தொடுவதும் உண்டு. உங்கள் மகளுக்கு இப்போது 14. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சட்டமும் அதையே சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பிராணியை விற்கக் கூடாது. அந்த வயதுப் பிள்ளை வளர்க்கும் பிராணிக்குப் பெற்றோரே பொறுப்பு. ஆக, இது மகளின் சின்சில்லா என்று நீங்கள் அழைத்தாலும் பொறுப்பு உங்களுடையது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மேல்மாடி ஃப்ளாட்தான். 2022 ஜூலை 19 அன்று உங்களுக்கு அருகிலேயே ஹீத்ரோவில் 40.2 டிகிரி பதிவானது நினைவிருக்கும். சின்சில்லாவுக்கு வியர்க்காது, அந்த ரோமத்தைக் கழற்றி வைக்கவும் முடியாது. 15 முதல் 20 டிகிரி அதற்குச் சுகம். 25ஐத் தாண்டினால் ஜாக்கிரதை, அதற்கு மேலே உயிருக்கே ஆபத்து, காற்றில் ஈரம் அதிகமானால் இன்னும் சீக்கிரம். வடக்குப் பார்த்த, வெயில் விழாத அறை இருக்கிறதா? கோடையில் அந்த அறைக்கு ஒரு போர்ட்டபிள் ஏசி வாங்க முடியுமா? இரண்டும் இல்லை என்றால் எந்தச் சின்சில்லாவும் வேண்டாம் என்பதே என் கருத்து, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காது சிவந்து, பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, வாய் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் தாக்கிவிட்டது. குளிர்ந்த அறைக்கு மாற்றி உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

நம் வீடுகளுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். கூண்டு சமையலறைப் பக்கமும் பூஜை அலமாரிப் பக்கமும் வேண்டாம். தாளிப்புப் புகை, சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாம் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் பாசத்தில் முந்திரி, பாதாம், உலர்திராட்சை நீட்டுவார்கள். ஆசையாக வாங்கித் தின்னும், வயிறு உப்பிக்கொண்டு அவதிப்படும். புல் எந்நேரமும் தட்டு நிறைய, உருண்டைத் தீவனம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ஸ்பூன், சுத்தமான தண்ணீர், இவ்வளவே போதும். அதைத் தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது. சின்சில்லாவுக்கென்றே விற்கும் மென்தூளைக் கிண்ணத்தில் போட்டு வாரத்தில் சில நாள் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் தானே புரண்டு சுத்தம் செய்துகொள்ளும். கடற்கரை மணலோ விளையாட்டு மணலோ ஆகாது. அந்தத் தூளும் புல்லும் சில மனிதர்களுக்குத் தும்மலையும் இழுப்பையும் கிளப்பும். வீட்டில் ஆஸ்துமா யாருக்காவது இருந்தால், தத்தெடுப்பதற்கு முன்பே ரெஸ்க்யூவில் ஒன்றிரண்டு முறை அவர்களைக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். அலர்ஜி என்று திருப்பிக் கொடுக்கிற விளம்பரத்துக்கு நீங்களே காரணமாகிவிடக் கூடாது.

கூட்டி வருவதற்கு முன்னாலேயே டாக்டரைத் தேடி வையுங்கள். பல கிளினிக்குகளில் நாயும் பூனையும்தான் அன்றாட வேலை. போன் செய்து, எக்ஸாட்டிக்ஸ், அதாவது நாய் பூனை அல்லாத அபூர்வப் பிராணிகளைப் பார்க்கிறவர் இருக்கிறாரா, சின்சில்லாவுக்கு மயக்கம் கொடுத்து மண்டை எக்ஸ்ரே எடுத்த பழக்கம் உண்டா என்று கேளுங்கள். அந்தச் செலவு பிராணியின் விலையைத் தாண்டலாம், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு பிராணிக்குக் கொடுத்த மிச்ச மருந்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். நாய்க்கும் பூனைக்கும் தாராளமாகக் கொடுக்கிற அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் வாய்வழி போனால் சின்சில்லாவின் குடலைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும்.

வந்த முதல் இரண்டு வாரம் பழைய தீவனத்தையே தொடருங்கள், புதிதை மெல்ல மெல்லக் கலக்கலாம். மகளைக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள், பிடிக்க வேண்டாம். தானாக வந்து விரலை மோந்து பார்க்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை பார்த்து நோட்டில் எழுதுகிற வேலையை அவளுக்கே கொடுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கடைசியாகக் கோயம்புத்தூர். உங்கள் ஊரில் காற்று நன்றாக இருக்கும், தெரியும். ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் அங்கேயும் 35ஐத் தாண்டுகிறது. வருடத்தில் பாதிக்கு மேல் ஓர் அறையில் ஏசி நிற்காமல் ஓட வேண்டும், கரண்ட் போனால் மாற்று வேண்டும், சின்சில்லா பார்க்கத் தெரிந்த டாக்டர் அருகில் வேண்டும். அதற்கு முன்னால் அவ்வளவு நீண்ட விமானப் பயணம், அதற்கான அனுமதிப் பத்திரங்கள். ஏழு வயதாகியிருக்கும் பிராணிக்கு இதெல்லாம் கொடுமை. திரும்புவது உறுதி என்றால் தத்தெடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

மகளை ஏமாற்ற வேண்டியதில்லை. பல ரெஸ்க்யூக்கள், நிரந்தர வீடு கிடைக்கும்வரை பிராணியை வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களைத் தேடுகின்றன. ஃபாஸ்டரிங் என்பார்கள். மருத்துவச் செலவைப் பெரும்பாலும் அவர்களே ஏற்பார்கள். சில மாதம் ஒரு ஜோடி, பிறகு இன்னொன்று என்று உங்கள் வீட்டுக்கு வரும். வேறெங்கோ இளைத்துப்போய் வந்த பிராணியைத் தேற்றி அனுப்புகிற அனுபவமும் அவளுக்குக் கிடைக்கும். ஜோடியைப் பார்க்கப் போகிற அன்றைக்கே அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்புவதைப் பற்றி வீட்டில் முடிவு எடுத்த பிறகு, தத்தெடுப்புப் படிவத்தையா அதையா நிரப்புவது என்று தீர்மானிக்கலாம். மேல்மாடி அறையின் வெப்பத்தை மட்டும் இந்த வாரமே ஒரு தெர்மாமீட்டர் வைத்துக் காலை, மதியம், இரவு என்று குறித்து வையுங்கள். ரெஸ்க்யூவில் உங்களிடம் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.